டாய் ஹாலர் வாங்கும் முன் ட்ரக் கதவைத் திறந்து பாருங்கள்

டாய் ஹாலர் வாங்கலாம் என்று இருக்கிறேன், எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் பிராண்ட் பெயரே சொல்வதில்லை. அதை இழுக்கப்போகும் பிக்கப் ட்ரக்கின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து உட்காரும் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்பேன். டயருக்கு எவ்வளவு காற்று என்று போட்டிருக்குமே, மஞ்சளும் வெள்ளையுமாக, அதேதான். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கும். அதுதான் பேலோட். வருடக்கணக்காக அந்த வண்டியை ஓட்டுகிறவர்கள்கூட அந்த வரியைப் படித்திருக்க மாட்டார்கள், ஆனால் எந்த டாய் ஹாலர் உங்களுக்கு ஒத்துவரும் என்பதில் பாதிக்கு மேல் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

புதிதாக வருகிறவர்களுக்காக: டாய் ஹாலர் என்பது அடுப்பு, பாத்ரூம், படுக்கை எல்லாம் உள்ள டிராவல் ட்ரெய்லர்தான், ஆனால் பின்சுவர் மொத்தமும் கீழே இறங்கி ராம்ப் ஆகும், அதன் வழியாக டர்ட் பைக்கோ, குவாடோ (நாலு சக்கர பைக்), சைடு-பை-சைடோ (பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும் சின்ன ஆஃப்-ரோடு வண்டி) பின்பக்கக் கராஜுக்குள் ஏறும். வண்டியை இறக்கிய பிறகு அந்தக் கராஜே ஹால், பிள்ளைகளின் படுக்கையறை, மழை வந்தால் சாப்பாட்டு மேசை. வீடும் வண்டியும் தண்ணீரும் பெட்ரோலும் ஒரே சேஸிஸில் ஏறுவதால் சாதாரண ட்ரெய்லரைவிட இதில் எடைக் கணக்கு ரொம்பச் சீக்கிரம் கைமீறிப் போகும்.

டீலர் லாட்டில் காதில் விழும் எண் டோ ரேட்டிங். உங்கள் ட்ரக் 11,000 பவுண்டு இழுக்கும் சார், இந்த ட்ரெய்லர் 6,300தான், தாராளமாகப் போகும் என்பார்கள். ட்ரக் கம்பெனி சொன்ன 11,000 பொய்யில்லை. எஸ்ஏஇ ஜே2807 என்று ஒரு பொதுச் சோதனை முறை இருக்கிறது, 2011 மாடல்களில் டொயோட்டா முதலில் அதற்கு மாறியது, மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். ஆனால் அந்தச் சோதனைக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது தலா 150 பவுண்டில் ஒரு டிரைவரும் ஒரு பயணியும்தான். பின்சீட்டில் கார் சீட்டோடு இரண்டு பிள்ளைகள், ட்ரக்கின் பின்னால் உள்ள திறந்த பெட்டில் கூலர், டூல் பாக்ஸ், மடக்கு நாற்காலிகள் எதுவும் கிடையாது. நம் வீட்டில் அப்படிக் கிளம்பினதாக எனக்கு ஞாபகமே இல்லை.

சரி, கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒரு ஹாஃப் டன் ட்ரக் (ஹாஃப் டன், முக்கால் டன், ஒரு டன் எல்லாம் ட்ரக்கின் அளவு வகைப் பெயர்கள்தான்), ஸ்டிக்கரில் 1,640 பவுண்டு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்த்து 480. பெட்டில் போடும் சாமான் 150. ட்ரெய்லரை ட்ரக்கோடு இணைத்து எடையைப் பகிரும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் ஒன்று வேண்டும், அதுவே 90 பவுண்டு இரும்பு. மீதி 920. இந்த 920தான் ட்ரெய்லரின் மூக்கு உங்கள் ட்ரக்கின் மேல் அழுத்தக்கூடிய எடை, அதாவது டங் வெயிட். பம்பர் புல், அதாவது ட்ரக்கின் பின்பம்பர் பக்கம் ஹிட்ச்சில் மாட்டி இழுக்கும் ட்ரெய்லர் ஆடாமல் ஓட, அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை டங்கில் உட்கார வேண்டும். 13 என்று வைத்துக்கொண்டால், நீங்கள் இழுக்கக்கூடியது சாமான் எல்லாம் ஏற்றிய நிலையில் சுமார் 7,000 பவுண்டு. விளம்பரத்தின் 11,000 எங்கே, இந்த 7,000 எங்கே! டோ ரேட்டிங் தீர்வதற்கு ரொம்ப முன்னாலேயே பேலோட் தீர்ந்துவிடும். ட்ரக்கில் ஹிட்ச்சைச் செருகும் ரிசீவரிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள டங் வெயிட் வரம்பையும் குறித்துக்கொள்ளுங்கள், சில ட்ரக்குகளில் அது இன்னும் முன்னாலேயே இடிக்கும்.

இப்போது அந்த 6,300 பவுண்டு ட்ரெய்லருக்கு வருவோம். 6,300 என்பது தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது இருந்த காலி எடை. நல்ல தண்ணீர் டேங்க் 100 கேலன் என்றால், கேலனுக்கு 8.3 பவுண்டு வீதம் 830. வண்டிகளுக்குப் பெட்ரோல் போட உள்ளேயே இருக்கும் ஃப்யூல் ஸ்டேஷனில் 30 கேலன், அது 180. புரொப்பேன் 60. துணிமணி, பாத்திரம், போர்வை, ஹெல்மெட், பூட்ஸ், சாப்பாடு என்று 500 (எங்கள் வீட்டில் 500-இல் ஒருநாளும் நின்றதில்லை). சைடு-பை-சைடு ஒன்று 1,500. கூட்டினால் 9,370. அதில் 12 சதவீதம் டங்கில் என்றாலே 1,120-ஐத் தாண்டுகிறது, நம்மிடம் இருப்பதோ 920. ட்ரெய்லரின் ஜிவிடபிள்யூஆர், அதாவது ஏற்றியபின் அது இருக்கலாம் என்று அனுமதித்த உச்ச எடை 10,000 என்றால், ட்ரெய்லருக்கு ஒன்றும் ஆகாது, ட்ரக்தான் தாங்காது. அதனால் லாட்டில் நடக்கும்போது காலி எடையைப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். ஜிவிடபிள்யூஆரை எடுத்துக்கொண்டு அதில் 13 சதவீதம் போட்டு, உங்கள் மீதிப் பேலோடோடு ஒப்பிடுங்கள். ஒத்துவந்தால் உள்ளே போய் சோபாவைப் பாருங்கள்.

டாய் ஹாலருக்கே உரிய ஒரு குசும்பு உண்டு, இதை டீலர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. கராஜில் வண்டி ஏறினால் அந்த எடை ஆக்சிலுக்குப் பின்னால் உட்காரும், மூக்கு கொஞ்சம் தூக்கும். அது தெரிந்தே, காலியாக இருக்கும்போது மூக்கு கனமாக இருக்கும்படிதான் பெரும்பாலும் கட்டுகிறார்கள். அதனால் இந்தத் தடவை பைக் வேண்டாம், குடும்பத்தோடு சும்மா ஏரிக்கரைக்குப் போய் வருவோம் என்று காலியாக இழுத்தால், டங் வெயிட் குறையாது, சமயத்தில் ஏறிவிடும். தண்ணீர் டேங்க் ஆக்சிலுக்கு முன்னால் இருந்தால் அதை நிரப்பும்போது இன்னும் ஏறும், பின்னால் இருந்தால் இறங்கும். மறுபக்கம், கனமான வண்டியைக் கடைசி வரை பின்னால் தள்ளி நிறுத்தி டங் 10 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் ட்ரெய்லர் வால் ஆட ஆரம்பிக்கும். லாஸ் ஏஞ்சலஸ் பக்கமிருந்து கிளாமிஸ் மணல்மேடுகளுக்குப் போகிறவர்கள் பாம் ஸ்பிரிங்ஸ் அருகே காற்றாலைகள் வரிசையாக நிற்கும் சான் கோர்கோனியோ கணவாயைக் கடக்க வேண்டும், காற்றாலை அங்கே ஏன் நட்டிருக்கிறார்கள் என்பது 30 அடி ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போகும்போது ஸ்டீயரிங்கிலேயே தெரியும். டேங்குகள் எங்கே இருக்கின்றன என்று டீலரிடம் கேளுங்கள். தெரியவில்லை என்றால் குனிந்து நீங்களே பாருங்கள்.

ஹாஃப் டன் போதாது, முக்கால் டன் டீசல் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் நிறைய. தீரலாம், ஆனால் அங்கேயும் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு வாங்குங்கள். முக்கால் டன் ட்ரக்குகள் பலவற்றின் ஜிவிடபிள்யூஆர் 10,000 பவுண்டில் நிற்கும், டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கனம், அந்தக் கனம் நேராகப் பேலோடிலிருந்துதான் கழியும். எல்லா வசதியும் உள்ள டீசல் முக்கால் டன்னில் 2,000 சொச்சம்தான் பேலோட் என்று பார்த்து வாயடைத்துப் போனவர்கள் உண்டு. இழுக்கும் பலம் மலைபோல இருக்கும், சுமக்கும் பலம் இருக்காது. மலை ஏறி இறங்குவது அதிகம் என்றால் இறக்கத்தில் எஞ்சினே வேகத்தைப் பிடித்துவைக்கும் டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் ஒரு வரம்தான், அதை மறுக்கவில்லை.

அப்புறம் ஃபிஃப்த் வீல், அதாவது பம்பர் பக்கம் இல்லாமல் ட்ரக் பெட்டுக்குள்ளேயே மாட்டும் பெரிய ட்ரெய்லர். கராஜுக்குத் தனிச் சுவர், தனிக் கதவு, சிலவற்றில் கராஜுக்கென்றே இன்னொரு சின்ன பாத்ரூம் எல்லாம் வேண்டுமென்றால் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்பீர்கள். ட்ரக் பெட்டின் நடுவில் ஆக்சிலுக்கு மேலே கனம் உட்காருவதால் சாலையில் ரொம்ப நிதானமாக வரும். ஆனால் பின் வெயிட் (pin weight), அதாவது ட்ரெய்லர் ட்ரக் பெட்டின் மேல் அழுத்தும் எடை, மொத்த எடையில் 20 சதவீதம் பக்கம். 16,000 பவுண்டு ட்ரெய்லருக்கு 3,200, அதோடு ஹிட்ச் 150 முதல் 200, குடும்பம் 480 என்று போட்டால் 3,850-ஐத் தொடுகிறது. இது ஒரு டன் ட்ரக்கின் வேலை, பெரிய மாடல்களுக்குப் பின்னால் நாலு சக்கரம் உள்ள டூயலிதான் மனநிம்மதி. ட்ரக்கில் ஷார்ட் பெட் என்றால் திரும்பும்போது ட்ரெய்லரின் முன்மூலை கேபின் கண்ணாடியில் இடிக்க வாய்ப்புண்டு, நகரும் ஸ்லைடர் ஹிட்ச் தேவைப்படலாம்.

லைசென்ஸ் விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. கலிஃபோர்னியாவில் டிராவல் ட்ரெய்லரின் ஜிவிடபிள்யூஆர் 10,000 பவுண்டைத் தாண்டினால் சாதாரண கிளாஸ் சி லைசென்ஸ் செல்லாது, வணிகம் சாராத கிளாஸ் ஏ எடுக்க வேண்டும். ஃபிஃப்த் வீலுக்கு 10,000-லிருந்து 15,000 வரை கிளாஸ் சி-யிலேயே ஒரு கூடுதல் எண்டார்ஸ்மென்ட், அதற்கு மேல் கிளாஸ் ஏ. டெக்சாஸில் கணக்கு வேறு மாதிரி, ட்ரக்கும் ட்ரெய்லரும் சேர்ந்த ரேட்டிங் 26,000-ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் மாநிலத்து டிரைவர் ஹேண்ட்புக்கை முன்பணம் கட்டுவதற்கு முன்னால் பாருங்கள். கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுத்தால் வேக வரம்பு மணிக்கு 55 மைல் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், பயண நேரத்தைக் கணக்குப் போடும்போது பிள்ளைகளுக்குப் பொய் சொல்ல வேண்டியிருக்காது.

எடை முடிந்தது, இனி அளவு. இங்கே நான் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் ட்ரெய்லர் வாங்கும்போது எங்கள் சைடு-பை-சைடின் அகலம் 72 அங்குலம் என்று அளந்து, ட்ரெய்லர் வெளியே 102 அங்குலம், உள்ளே 96 பக்கம் வரும், ஆக இரண்டு பக்கமும் ஓர் அடி இடம் இருக்கிறது என்று திருப்தியாகக் கையெழுத்துப் போட்டேன். சுவரோரம் மடித்து நிறுத்தியிருக்கும் சோபாக்கள் பக்கத்துக்கு எட்டு அங்குலத்தைத் தின்றுவிடும் என்று தோன்றவே இல்லை. முதல் நாள் வண்டியை ராம்பில் ஏற்றி உள்ளே அழகாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கதவைத் தள்ளினால் ஒரு சாண்கூடத் திறக்கவில்லை. கடைசியில் சீட்டின் மேல் ஏறி, ரோல் கேஜுக்குள் புகுந்து, பின்னால் உள்ள சின்ன கார்கோ பெட்டி வழியாக ஊர்ந்து வெளியே வந்தேன். என் பிள்ளைகள் அதை வீடியோ எடுத்திருக்கிறார்கள், இன்றுவரை அழிக்கவில்லை.

ஆகவே டேப் எடுத்துக்கொண்டு போங்கள். ராம்ப் கதவின் திறப்பு அகலம், திறப்பு உயரம், சோபா மடித்த நிலையில் தரையில் மிஞ்சும் அகலம், கூரையோடு ஒட்டி ஏற்றியிருக்கும் மின்சாரப் படுக்கைக்கு அடியில் மிஞ்சும் உயரம், ராம்பின் கீல் தொடங்கி சமையலறை அலமாரி வரை நீளம். கடைசியில் சொன்னதில்தான் ஏமாற்று அதிகம், பிரோஷரில் கராஜ் 12 அடி என்றிருக்கும், அது தரையில் 12 அடி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கவுண்டரைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள். சைடு-பை-சைடுகளில் பொலாரிஸ் ஆர்இசட்ஆர் எக்ஸ்பி 1000 என்றால் அகலம் 64 அங்குலம், கேன்-ஆம் மேவரிக் எக்ஸ்3-யின் அகலமான மாடல்கள் 72. இரண்டு பேர் உட்காரும் மாடலுக்கு ஏற்ற கராஜில் நாலு பேர் உட்காரும் மாடல் நுழையவே நுழையாது, பிள்ளைகள் வளர்ந்தபின் வண்டியை மாற்றும் யோசனை இருந்தால் இப்போதே பெரிய வண்டியின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு டிரைவ்வேயில் மாஸ்கிங் டேப்பால் கராஜின் அளவுக்குக் கட்டம் ஒட்டி, உங்கள் வண்டிகளை அதற்குள் நிறுத்திப் பாருங்கள், ஹேண்டில்பார் ஒன்றோடொன்று இடிப்பது அப்போதுதான் தெரியும். இன்னும் நல்லது, வண்டியையே டீலரிடம் கொண்டுபோய் ஏற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது. மூஞ்சியைச் சுளிக்கும் டீலரிடம் வாங்க வேண்டியதில்லை.

ராம்புக்கும் எடை வரம்பு எழுதியிருக்கும். வண்டி ஏறுவதற்கு ஒன்று, அதையே மடக்கிக் கம்பியில் தொங்கவிட்டு பால்கனி மாதிரி உட்கார்வதற்கு இன்னொன்று, இரண்டும் ஒன்றாக இருக்காது. தாழ்ந்து ஓடும் டூரிங் பைக் வைத்திருக்கிறவர்கள் ராம்பும் தரையும் சேரும் முனையில் வயிறு உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டிப்போடும் வளையங்கள் வெறும் தரைப்பலகையில் திருகியிருக்கின்றனவா, கீழே சேஸிஸில் போல்ட் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள், ஆயிரத்து ஐந்நூறு பவுண்டு வண்டி திடீர் பிரேக்கில் முன்னால் வந்தால் அதன் வழியில் இருப்பது உங்கள் சமையலறை.

இனி குடும்பம். டாய் ஹாலரில் எத்தனை பேர் தூங்கலாம் என்று போட்டிருக்கும் எண்ணில் பாதி, கராஜ் காலியான பிறகுதான் நிஜமாகும். அதனால் லாட்டில் நிற்கும்போதே ஒரு சோதனை: வண்டி உள்ளே இருப்பதாக நினைத்துக்கொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியே ஏறி, பாத்ரூமுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் போக முடிகிறதா என்று பாருங்கள். நெடுஞ்சாலை ரெஸ்ட் ஏரியாவில் சின்னவன் அவசரம் என்று துள்ளும்போது மொத்தச் சாமானையும் இறக்க முடியாது. நிறுத்தியபின் வெளியே நீட்டிக்கொள்ளும் சுவர்ப்பகுதியான ஸ்லைடு-அவுட் உள்ளே இழுத்த நிலையிலும் இதைச் செய்து பாருங்கள், சிலவற்றில் ஸ்லைடு உள்ளே இருந்தால் படுக்கையறைக் கதவே திறக்காது. மேல் படுக்கையில் ஏணி வைத்து ஏறிப் படுத்துப் பாருங்கள், கூரை மூக்கில் இடிக்கிறதா என்று. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குவார்கள் என்றால் அவர்களுக்குப் படி ஏறாமல் ஒரு கீழ்ப்படுக்கை வேண்டும், ஃபிஃப்த் வீலில் பெரிய படுக்கையறை படிக்கட்டு ஏறித்தான் இருக்கும், ராத்திரி பாத்ரூமுக்கு இறங்கி வர அவர்களுக்குச் சிரமம். கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருமுறை உட்காருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லாரும் செய்கிறார்கள்.

கராஜுக்குத் தனிச் சுவர் வேண்டுமா, எல்லாம் ஒரே நீளமான அறையாக இருந்தால் போதுமா என்பதில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. கைக்குழந்தையோ, மூச்சிரைப்பு உள்ளவர்களோ வீட்டில் இருந்தால் தனிச் சுவர். ஒரே அறை மாடலில் வண்டியை இறக்கிய பிறகும் பெட்ரோல் வாசனை ரொம்ப நேரம் தலையணை வரை நிற்கும். ராம்பையும் ஜன்னல்களையும் நன்றாகத் திறந்து போட்டுக் காற்றோட விட்ட பிறகே படுக்கையை இறக்குங்கள், வண்டி உள்ளே இருக்கும்போது யாரும் அங்கே தூங்கவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு டிடெக்டரின் பட்டனை ஒவ்வொரு பயணத்திலும் அழுத்திப் பாருங்கள், அதற்கும் காலாவதித் தேதி உண்டு. ஜெனரேட்டர் ஓடும்போது ராம்பைத் திறந்துபோட்டுத் தூங்குவது ஆபத்து. ஒரே அறை மாடலின் நன்மை எடையும் விலையும் குறைவு, அவ்வளவுதான். சில மாநிலங்களில் ஓடும் ஃபிஃப்த் வீலுக்குள் ஆட்கள் உட்காரலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது, என் பிள்ளைகளை நான் உட்கார வைக்க மாட்டேன்.

எங்கே போகப் போகிறீர்கள் என்பதும் ட்ரெய்லரை மாற்றும். கிளாமிஸிலோ மத்திய அரசின் பிஎல்எம் பொது நிலத்திலோ தங்கினால் குழாயும் இல்லை, கரண்டும் இல்லை. அங்கே ஜெனரேட்டர், பெரிய தண்ணீர் டேங்க், அதற்கு ஈடான கழிவு டேங்குகள் எல்லாம் அவசியம், 100 கேலன் நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டு கழுவிய தண்ணீர் சேரும் கிரே டேங்க் 40 கேலன்தான் இருந்தால் இரண்டாம் நாளே பாத்திரம் கழுவ இடமிருக்காது. யூட்டாவின் மோவாபிலோ மேற்கு வர்ஜீனியாவின் ஹாட்ஃபீல்ட்-மெக்காய் டிரெயிலிலோ குழாயும் கரண்டும் இணைத்துக்கொள்ளும் ஹுக்-அப் உள்ள ஆர்வி பார்க்கில்தான் தங்குவோம் என்றால் இந்தக் கனமெல்லாம் வீண். நேஷனல் பார்க் கேம்ப் கிரவுண்டுகள் பலவற்றில் நீள வரம்பு உண்டு, 38 அடியை வைத்துக்கொண்டு இடம் தேடுவது வயிற்றெரிச்சல். வீட்டில் நிறுத்த எச்ஓஏ (குடியிருப்புச் சங்கம்) விடுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், விடாது என்றால் மாதா மாதம் ஸ்டோரேஜ் வாடகை. வருடத்தில் இரண்டு முறைதான் போவோம் என்றால் வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள், அவுட்டோர்ஸி, ஆர்விஷேர் இரண்டிலும் டாய் ஹாலர் கிடைக்கும். ஒரு வார வாடகையில் உங்களுக்கு எந்த அமைப்பு பிடிக்காது என்பது தெரிந்துவிடும்.

பழையது வாங்குகிறவர்கள் கராஜ் தரையில் குதிகாலால் அழுத்தி நடந்து பாருங்கள், மெத்தென்று அமுங்கினால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ராம்பின் கீழ் ஓரமும் மூலைகளும் முதலில் அழுகும். கூரை மேல் ஏறி சீலன்ட் வெடித்திருக்கிறதா என்று பார்க்க அனுமதி கேளுங்கள். டயரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நாலு எண்கள் தயாரான வாரமும் வருடமும், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஓடாமல் நின்ற ட்ரெய்லரின் டயர் பளபளவென்று இருக்கும், வயசாகியிருக்கும், முழு எடையோடு வெயிலில் ஓடும்போது வெடிக்கும்.

வாங்கியாயிற்றா? முதல் பயணத்துக்கு எல்லாவற்றையும் ஏற்றி, தண்ணீரும் நிரப்பி, பிள்ளைகளும் உட்கார்ந்த நிலையில் ட்ரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேல் என்ற எடைமேடைக்குப் போங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில், ட்ரெய்லர் என்று மூன்று தட்டிலும் தனித்தனியாக எடை வரும். பிறகு ஓரமாக ட்ரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு ட்ரக்கை மட்டும், அதே ஆட்களோடு, மறுபடி ஏற்றுங்கள். முதல் முறை ட்ரக்கின் இரண்டு ஆக்சிலும் காட்டிய மொத்தத்திலிருந்து இதைக் கழித்தால் டங் வெயிட், ஆனால் ஹிட்ச்சின் ஸ்பிரிங் பார்களை மாட்டாமல் முதல் எடையைப் போட்டால்தான் சரியான எண் வரும், மாட்டியிருந்தால் கொஞ்சம் கனம் ட்ரெய்லர் ஆக்சிலுக்குத் தள்ளப்பட்டுக் குறைத்துக் காட்டும். கராஜ் காலியாக இருக்கும் பயணம் ஒன்றிலும் இதையே செய்து, இரண்டு எடை ரசீதுகளையும் க்ளோவ் பாக்ஸில் வையுங்கள். என்னிடம் உள்ள இரண்டு ரசீதுகளில், காலியாகப் போனதில்தான் டங் வெயிட் 140 பவுண்டு அதிகம்.